கேட்காமல் எழுதிய நாற்பத்தொரு பெயர்கள்

டைப்பிஸ்டம்மாவுக்குப் பயம் கூடப் பிறந்தது. வீட்டைப் பூட்டிவிட்டு நாலு படி இறங்கியதும் திரும்ப ஏறி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாள். பேருந்தில் ஏறினால் அது சரியான பேருந்துதானா என்று பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு தடவை, நடத்துநரிடம் ஒரு தடவை. துறைத் தலைவர் "கொஞ்சம் உள்ள வாங்க" என்றால் போதும், அந்த மாதம் அடித்த கடிதங்கள் எல்லாம் வரிசையாகக் கண்முன் வந்து போகும், எதில் தப்பு விட்டோம் என்று. அவளுடைய வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். பத்தாவது மாடி உயரத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு வேலை பார்க்கிறவர். "தொங்கற எனக்கே பயமில்லை, நாற்காலியில உட்கார்ந்திருக்கிற உனக்கு எதுக்கும்மா இவ்வளவு பயம்" என்று கேட்டுக் கேட்டு அவருக்கே அலுத்துவிட்டது.

இந்தப் பயந்தாங்கொள்ளிதான் நாற்பத்தாறு வயதில் இனப்படுகொலையைப் பற்றிப் படிக்கப்போகிறேன் என்று கிளம்பினாள்.

கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தின் வரலாற்றுத் துறையில் அவளுக்கு இருபத்தொரு வருட வேலை. தட்டச்சு இயந்திரம் எப்போதோ பழைய சாமான் அறைக்குப் போய்விட்டது, பட்டப்பெயர் மட்டும் போகவில்லை. துறையில் புதிதாக ஒரு முதுகலைப் படிப்பு ஆரம்பித்தார்கள். நாஜிகள் யூதர்களைக் கொன்று குவித்ததையும், மற்ற இடங்களில் நடந்த அதுபோன்ற கொலைகளையும் பற்றிய படிப்பு. அதை நடத்தும் பேராசிரியை ஒரு கன்னியாஸ்திரி. எல்லாருக்கும் அவர் சிஸ்டர். பாடத்திட்டத்தை அடித்துக் கொண்டுபோய்க் கொடுத்த அன்று டைப்பிஸ்டம்மா போகாமல் அங்கேயே நின்றாள்.

"சிஸ்டர், இதுல நானும் சேரலாமா? தபால்ல பி.ஏ. முடிச்சிருக்கேன்."

"சேரலாம். ஆனா எதுக்கு?"

"அடிக்கும்போதே கை நின்னுடுது சிஸ்டர். கொல்றதுக்குக் கூட்டிட்டுப் போன ஜனங்க பேரையெல்லாம் யாரோ ஒருத்தர் லிஸ்ட்டா அடிச்சுத்தானே குடுத்திருப்பாங்க. என்னை மாதிரி ஒருத்தர். தப்பில்லாம, ஓரம் விட்டு, அழகா."

சிஸ்டர் மேசை இழுப்பறையிலிருந்து விண்ணப்பத் தாளை எடுத்து நீட்டினார்.

சிஸ்டரின் வகுப்பில் இலட்சக்கணக்குச் சொல்லக்கூடாது. பெரிய எண்ணைச் சொன்னால் மனது மரத்துப்போகும் என்பார். ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு பட்டியல் கொடுப்பார். ஒரு தெரு, அங்கே வாழ்ந்து கொல்லப்பட்டவர்கள், அவ்வளவுதான். படிப்பு முடியும்வரை அந்த ஆட்களோடுதான் குடித்தனம். யார், என்ன தொழில், யாருக்கு யார் என்ன உறவு என்று துருவித் துருவித் தேடி எழுத வேண்டும். டைப்பிஸ்டம்மாவுக்குக் கிடைத்தது ஒரு சின்ன ஊரின் சின்னத் தெரு. நாற்பத்தொரு பேர்.

அவர்களுடைய பெயர்கள் அவள் வாயில் நுழையவில்லை. அதனால் நம் வழக்கப்படி தொழிலை வைத்தும் உறவை வைத்தும் கூப்பிட ஆரம்பித்தாள். கடிகாரக்காரர், கடிகாரக்காரரின் மச்சான், ரொட்டிக்காரர், அவருடைய மூன்று மகள்கள், பள்ளிக்கூட வாத்தியார், புருஷனை முன்பே பறிகொடுத்த தையல்காரம்மா, அவளுடைய பதினோரு வயது மகள். சாப்பிடும்போதும் இவர்கள் பேச்சுதான். "ரொட்டிக்காரரோட நடுப்பொண்ணு பியானோ வாசிக்குமாம்ங்க" என்பாள். "என் பெரியப்பா பிள்ளைங்க எத்தனை பேருன்னு கேட்டா உனக்குத் தெரியாது, ரொட்டிக்காரர் வீட்டு விவரம் மட்டும் விரல் நுனியில" என்பார் அவர். சொன்னாலும் மறுநாள் அவரே கேட்பார், அந்த வாத்தியாருக்கு என்ன ஆச்சு என்று. என்ன ஆகும். எல்லாருக்கும் ஒன்றேதான் ஆனது, ஒரே வாரத்தில், ஊருக்கு வெளியே இருந்த காட்டில்.

நாலு மாதம் இப்படிப் போனது. பயம் முன்னைவிடக் கூடியது. பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்த்தாள். பேருந்தில் யாராவது சீருடையோடு ஏறினால் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஒருநாள் மத்தியானம் பட்டியலைப் பார்த்துக்கொண்டே இருந்தவளுக்குத் திடீரென்று ஒன்று உறைத்தது. இந்த நாற்பத்தொரு பேருக்கும் யாராவது ஒரு பூசை வைத்திருப்பார்களா? அவள் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் செத்தவர்களை யாரும் சும்மா விட்டதில்லை. வருடம் தவறாமல் கோயிலில் பெயர் கொடுத்துவிடுவார்கள். இவர்களுக்குப் பெயர் கொடுக்க ஆளில்லை என்று நினைத்தவள் நாற்பத்தொரு பெயரையும் ஒரு தாளில் அடித்து எடுத்தாள்.

அவர்கள் யூதர்கள் என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். அதற்காகவேதான் கொல்லப்பட்டார்கள் என்று தேர்வில் பத்து மதிப்பெண்ணுக்கு எழுதியவள். ஆனாலும் பாருங்கள், படிப்பு தலையின் ஒரு அறையில் இருந்தது, பூசை இன்னொரு அறையில் இருந்தது. நடுவில் கதவு வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

பல்கலைக்கழக வளாகத்திலேயே ஒரு சிறிய கோயில் உண்டு. மாதத்தின் முதல் வியாழக்கிழமை மத்தியானப் பூசையில் இறந்தவர்களின் பெயர்களை வாசிப்பார்கள். பெயர்த் தாளைப் பார்த்த சாமியார் மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டார்.

"நாற்பத்தொரு பேரா? உங்க வீட்டுக்காரர் பக்கமா?"

"இல்ல ஃபாதர். படிப்புப் பக்கம்."

அவருக்கு விளங்கவில்லை. ஆனாலும் செத்தவர்களுக்கு வேண்டுவதை மறுக்கிற ஆள் இல்லை அவர். தட்டுத் தடுமாறி நாற்பத்தொன்றையும் ஒலிபெருக்கியில் வாசித்தார். கேன்டீன்வரை கேட்டது. பூசை முடிந்ததும் டைப்பிஸ்டம்மா பீடத்துக்குப் பக்கத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் விரித்து வைத்திருக்கும் பெரிய புத்தகத்தில் அந்தப் பெயர்களை எழுதினாள். வாசித்த பெயர்களை அன்றே அதில் எழுதிவிட வேண்டும் என்பது அங்கே வழக்கம். தாளின் ஒரு பக்கத்தில் மட்டும்தான் எழுதுவார்கள், பக்கத்துக்கு இருபத்தைந்து வரி. ஒவ்வொரு வரியின் தலையிலும் ஒரு சின்னச் சிலுவை அச்சடித்திருக்கும். சிலுவைக்கு அப்புறம் பெயர். தன் முத்தான கையெழுத்தில், மைப்பேனாவால், ஒரு எழுத்துப் பிசகாமல் எழுதினாள். அன்று வீட்டைப் பூட்டியபோது ஒரே ஒரு தடவைதான் இழுத்துப் பார்த்தாள்.

அந்த நிம்மதி நாலு நாள் நீடித்தது.

திங்கட்கிழமை வகுப்பில் சிஸ்டர் பேசியது ஞானஸ்நானத்தைப் பற்றி. ஞானஸ்நானம் வாங்கியதாகக் காகிதம் எழுதிக் கொடுத்து யூதர்களைக் காப்பாற்றிய சாமியார்கள் இருந்தார்கள். மடங்களில் குழந்தைகளை ஒளித்து வைத்த கன்னியாஸ்திரிகள் இருந்தார்கள். ஒளித்து வைத்த குழந்தைக்குத் தலையில் தண்ணீர் ஊற்றிவிட்டு, போர் முடிந்து மாமனோ அத்தையோ வந்து கேட்டபோது, இது இப்போது எங்கள் பிள்ளை என்று கொடுக்க மறுத்தவர்களும் இருந்தார்கள். கொலை நடந்த இடங்களில் பிற்பாடு சிலுவை நட்டார்கள். மிச்சமிருந்த யூதர்கள் வந்து, எங்களை யூதர்கள் என்றுதானே கொன்றார்கள், செத்த பிறகாவது எங்களை நாங்களாக விடக்கூடாதா என்று கேட்டார்கள்.

"நட்டவங்க என்ன சொன்னாங்க?" என்று சிஸ்டர் வகுப்பைக் கேட்டார். அவரே பதிலும் சொன்னார். "நல்ல எண்ணத்துலதான் செஞ்சோம்னு சொன்னாங்க. நாம எப்பவுமே அப்படித்தான் சொல்லுவோம்."

டைப்பிஸ்டம்மா பேனாவைக் கீழே வைத்தாள். சிஸ்டர் அதோடு விடவில்லை.

"வெள்ளிக்கிழமை ஒருத்தர் பேச வர்றார். இந்த ஊர்லதான் நாற்பது வருஷமா மூக்குக் கண்ணாடிக் கடை வச்சிருக்கார். பிறந்தது நம்ம டைப்பிஸ்டம்மா படிக்கிற தெருவுல. அந்த லிஸ்ட்ல இருக்கிற தையல்காரம்மாவோட மகன். நாலு வயசுல ஒரு மடத்துல ஒளிச்சு வச்சதால பிழைச்சவர்." சிஸ்டர் அவளைப் பார்த்துச் சிரித்தார். "பேச்சுக்கு முன்னால வளாகத்தைச் சுத்திப் பார்க்கணும்னு கேட்டிருக்கார். கோயிலையும்."

வகுப்பு முடிந்து எல்லாரும் எழுந்து போன பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் காலையில் முதல் வேலையாகக் கோயிலுக்குப் போனாள். பூசைச் சாமான்களையும் சாவிகளையும் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் துடைப்பானைச் சுவரில் சாய்த்தார்.

"இதுக்குப் போயா முகம் இப்படி வெளுத்துப் போச்சு? சுரண்டிடலாம்க்கா. ஃபாதர் தப்பா ஒரு பேரு எழுதிட்டா நான் சுரண்டித்தான் விடுவேன். இந்தா பிளேடு."

அவள் புத்தகத்தின் முன்னால் உட்கார்ந்தாள். பிழை திருத்துவதில் அவளுக்கு இணை கிடையாது. தட்டச்சு இயந்திரக் காலத்தில் கார்பன் தாள் வைத்து அடித்த நாலு நகல்களில்கூடத் தடம் தெரியாமல் சுரண்டியவள். தையல்காரம்மா மகளின் பெயரில் பிளேடை வைத்தாள். வைத்த கை அப்படியே நின்றது.

அந்தத் தெருவில் யாரையும் கூட்டிக்கொண்டு போவதற்கு முன்னால் நடந்த முதல் காரியம் என்ன என்று அவள் தேடிக் கண்டுபிடித்திருந்தாள். பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டிலிருந்து யூதப் பிள்ளைகளின் பெயர்களை நீக்கினார்கள். அந்தப் பக்கத்தின் புகைப்படத்தைப் பார்த்து, ‘பிளேடால் சுரண்டிய தடம் தெளிவாகத் தெரிகிறது’ என்று தன் குறிப்பில் எழுதியதும் அவள்தான். சுரண்டப்பட்டவற்றில் ஒன்று தையல்காரம்மா மகளின் பெயர். இப்போது அதே பெயரை, அதே மாதிரி ஒரு பிளேடால், தடம் தெரியாமல்.

பிளேடைக் காகிதத்தில் சுற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்தாள். விட்டுவைத்தாலும் தப்பு, சுரண்டினாலும் தப்பு. அவளுக்கு அழுகை வந்தது.

வீட்டில் வீட்டுக்காரர் முழுக் கதையையும் கேட்டார். வழக்கம்போலக் கேலி செய்யவில்லை.

"ரெண்டு மாடிக்கு நடுவுல லிஃப்ட் நின்னுடும், தெரியுமா. உள்ள இருக்கறவங்க கதவைப் பிளந்து எட்டிக் குதிக்கப் பார்ப்பாங்க. செத்துப்போறது அவங்கதான். குதிக்கக் கூடாது. மணியை அடிச்சுட்டு நிக்கணும்."

"மணியை எங்கே போய் அடிக்கிறது?"

"யார்கிட்டயாவது சொல்லு. என்கிட்ட சொன்னது போதாது, நான் உன் கூட உள்ளே மாட்டிக்கிட்ட ஆள்."

புதன்கிழமை சிஸ்டரிடம் சொன்னாள். மென்று விழுங்கித்தான் சொன்னாள், ஆனால் எதையும் மறைக்கவில்லை. சிஸ்டரின் முகத்தில் ஈயாடவில்லை. கோபப்படுவார் என்று எதிர்பார்த்தவளுக்கு அவர் பயந்துபோனதைப் பார்க்க இன்னும் கலக்கமாக இருந்தது.

"ரெண்டு வருஷம் கூப்பிட்டேன் அவரை. கத்தோலிக்க இடத்துக்குள்ள கால் வைக்க மாட்டேன்னு சொன்ன மனுஷன். எத்தனை போன், எத்தனை கடிதம். இப்பத்தான் சரின்னார்." சிஸ்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "பக்கத்தைத் திருப்பி வச்சிடுங்க. அடுத்த பக்கம் காலியாத்தானே இருக்கு. வெள்ளிக்கிழமை போகட்டும், அப்புறம் என்ன செய்யறதுன்னு யோசிப்போம்."

"சரி சிஸ்டர்."

சரி என்று தலையாட்டியதில் அவளுக்குக் கொஞ்சம் நிம்மதிகூட வந்தது என்பதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். பக்கத்தைத் திருப்பினாள். இரண்டு பக்கம் நிறையப் பெயர்கள் உள்ளே போய்விட்டன. வெள்ளைத் தாளும் இருபத்தைந்து சின்னச் சிலுவைகளும் மேலே வந்தன.

வெள்ளிக்கிழமை வந்த கண்ணாடிக்காரர் எண்பதை நெருங்கியவர். ஒல்லியான ஆள், பளிச்சென்று துடைத்த செருப்பு. வளாகத்தைச் சுற்றிக் காட்டும் வேலை டைப்பிஸ்டம்மாவின் தலையில் விழுந்தது. அவருடைய தெருவைப் படிக்கிறவள் அவள்தானே. கோயிலுக்குள் அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மெல்ல நடந்தார். கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்றார்.

"என்ன புத்தகம் இது?"

"செத்தவங்க பேரு எழுதறது, ஐயா."

"ஒண்ணும் எழுதலையே."

"இந்தப் பக்கத்துல இல்ல, ஐயா."

அவர் தலையாட்டிவிட்டு நகர்ந்தார். பொய் ஒன்றும் சொல்லிவிடவில்லை என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டாள். அப்படிச் சொல்லிக்கொள்ள வேண்டியிருந்ததே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

பேச்சு அரங்கு நிரம்பி வழிந்தது. அவர் உட்கார்ந்தபடியே பேசினார், குரலை உயர்த்தவில்லை.

"எனக்கு எங்க அம்மா முகம் ஞாபகமில்லை. நான் சொல்லப்போறதெல்லாம் என்னைத் தூக்கிட்டுப் போன சிஸ்டர் பின்னால என்கிட்ட சொன்னது. ஊர்ச் சாமியார் ராத்திரியோட ராத்திரியா மூணு காகிதம் எழுதிக்கிட்டு வந்தாராம். அம்மாவுக்கு, அக்காவுக்கு, எனக்கு. ஞானஸ்நானம் வாங்கினா அந்தக் காகிதத்தோட மூணு பேரும் மடத்துக்குள்ள போயிடலாம். அம்மா தச்சுக்கிட்டிருந்த துணியைக் கீழே வைக்காமலே சொன்னாங்களாம், ‘சின்னவனுக்கு ஊத்துங்க. குழந்தைதானே, தண்ணி காஞ்சிடும். எனக்கு வேண்டாம். நான் என் அப்பா அம்மாவோட மகளாவே இருந்துக்கறேன்.’ அக்காவுக்குப் பதினோரு வயசு. அம்மாவை விட்டுட்டு வரமாட்டேன்னுட்டா. பத்து நாள் கழிச்சு ரெண்டு பேரையும் கொண்டுபோயிட்டாங்க."

தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தார். அப்புறம் பேசியது எதுவும் டைப்பிஸ்டம்மாவின் காதில் விழவில்லை. எனக்கு வேண்டாம் என்று அந்த அம்மா சொன்னது அவளுக்குள் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தது. உயிரைக் காப்பாற்றும் என்று நீட்டியபோதும் வேண்டாம் என்று ஒரு பொம்பளை தள்ளிய சிலுவைக்குப் பின்னால், போன வார வியாழக்கிழமை, மைப்பேனாவால், அவள் பெயரை.

கைதட்டல் முடிந்தது. சிஸ்டர் முகமெல்லாம் நிம்மதியாக அவரை வழியனுப்ப வந்தார், டாக்சியைப் பார்க்கிறேன் என்று வாசலுக்குப் போனார். நடைவாசல் பெஞ்சில் கண்ணாடிக்காரரும் அவளும் மட்டும். இன்னும் ஐந்து நிமிடம் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அவர் போய்விடுவார், யாருக்கும் தெரியாது. வாழ்நாள் முழுக்க இல்லாத தப்பை நினைத்துப் பயந்து செத்தவளுக்கு, கடைசியில் உண்மையாகவே ஒரு தப்பு கையில் இருந்தது. அவள் வாயைத் திறந்தாள்.

"ஐயா, அந்தப் புத்தகத்துல முந்தின பக்கத்துல நிறைய எழுதியிருக்கு. உங்க அம்மா பேரும் அக்கா பேரும் இருக்கு. தெருவுல எல்லார் பேரும் இருக்கு. நான்தான் எழுதினேன். பூசையில வாசிக்க வச்சேன். உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு பக்கத்தைத் திருப்பி வச்சோம்."

அவர் அவளைப் பார்க்கவில்லை. எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் டாக்சி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. சிஸ்டர் உள்ளே வந்து, இரண்டு பேர் முகத்தையும் பார்த்து, நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார்.

"காட்டுங்க" என்றார் அவர்.

கோயிலில் கோயில்பிள்ளை பெட்டியைத் திறந்துவிட்டு ஓரமாக ஒதுங்கினார். அவள் பக்கத்தைத் திருப்பினாள். கண்ணாடிக்காரர் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்து, முதல் வரியிலிருந்து ஆரம்பித்தார். அவள் வாயில் நுழையாத பெயர்கள் ஒவ்வொன்றும் அவர் வாயில் சரியாக வந்தன. பதினேழாவது வரியிலும் பதினெட்டாவது வரியிலும் நிறுத்தினார். பிறகு மிச்சத்தையும் முடித்தார்.

"நல்ல கையெழுத்து" என்றார்.

அவள் குனிந்துகொண்டாள். அடி விழுந்திருந்தால்கூட அப்படி வலித்திருக்காது.

"கெட்ட எண்ணத்துல செய்யலைன்னு தெரியுதும்மா. ஆனா அதைச் சொல்லி உங்களைத் தேத்த என்னால முடியாது. எங்க அம்மாகிட்ட இருந்து எனக்குன்னு ஒரு போட்டோ கிடையாது, ஒரு துணி கிடையாது. வேண்டாம்னு அவங்க சொன்ன அந்த ஒரு வார்த்தைதான் எனக்கு மிச்சம். அதுக்கு முன்னால நீங்க இதைப் போட்டுட்டீங்க."

"என்ன செய்யணும்னு சொல்லுங்கய்யா. செய்யறேன்."

"ரெண்டு வரியையும் வெட்டிக் குடுங்க."

"ஃபாதரைக் கேக்கணுமே" என்றார் கோயில்பிள்ளை.

"நான் கேட்டுக்கறேன்" என்றார் சிஸ்டர்.

டைப்பிஸ்டம்மா கைப்பையில் காகிதத்தில் சுற்றிக் கிடந்த பிளேடை எடுத்து, அளவுகோல் வைத்து வெட்டினாள். வெட்டு நேராக வந்தது. இரண்டு நீளக் காகிதத் துண்டுகளை அவர் உள்ளங்கையில் வாங்கினார். வரியின் தலையில் சிலுவை இருந்த நுனியை நகத்தால் மடித்து, இரண்டிலும் கிழித்தார். பெயர்களைத் தன் மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்து மூடினார். கிழித்த இரண்டு நுனிகளையும் அவளிடம் நீட்டினார்.

"இது உங்களோடது. வச்சுக்குங்க."

அவள் வாங்கிக்கொண்டாள். வாசல்வரை கூடவே போனாள். டாக்சியில் ஏறும் முன் கேட்டாள், "மத்த முப்பத்தொன்பது பேரை என்னய்யா செய்யறது?"

"அவங்களுக்காக நான் எப்படிம்மா சொல்ல முடியும். அவங்கவங்க ஆளுங்களைக் கேளுங்க."

"யாராவது இருக்காங்களா?"

"அதைத்தானே நீங்க படிக்கிறீங்க" என்றுவிட்டு அவர் கதவைச் சாத்திக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவர் அந்த வளாகத்துக்கு வரவில்லை. சிஸ்டர் எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் பதில் போடவில்லை. சாமியார் அந்த இரண்டு தாள்களையும் புத்தகத்திலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டார். டைப்பிஸ்டம்மா துறை அலமாரியில் அவற்றை ஒரு உறையில் போட்டு வைத்தாள். சுரண்டவும் இல்லை, திரும்பக் கோயிலில் வைக்கவும் இல்லை. பழைய பதிவேடுகள், காப்பகங்கள், சங்கங்கள் என்று கையில் கிடைத்த நூலையெல்லாம் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு வீட்டிலும் மிஞ்சியவர்களைத் தேடினாள். கண்டுபிடித்தவர்களுக்குக் கடிதம் அடித்தாள்: ‘உங்கள் சொந்தக்காரரின் பெயரை உங்களைக் கேட்காமல் எங்கள் கோயில் புத்தகத்தில் சிலுவை போட்டு எழுதிவிட்டேன். நான் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள்.’ ஒவ்வொரு கடிதத்தையும் தபாலில் போடும்போது பயம் வந்தது. பழகவே இல்லை.

பதில்கள் ஒரே மாதிரி வரவில்லை. கடிகாரக்காரரின் பேத்தி நாலு பக்கம் திட்டி எழுதினாள், வெட்டி அனுப்பச் சொன்னாள். ரொட்டிக்காரரின் மூன்று மகள்களுக்கும் தூரத்து உறவான ஒருவர், எங்கேயோ யாரோ வாசித்தார்களே, இருந்துவிட்டுப் போகட்டும் என்று எழுதினார். வாத்தியாரின் தம்பி மகன், பெரியப்பா கொல்லப்படுவதற்கு மூன்று வருடம் முன்னாலேயே கிறிஸ்தவராகிவிட்டார், ஆனாலும் யூதராகத்தான் கொன்றார்கள், அந்தச் சிலுவை அவருடையதே, தொடாதீர்கள் என்று எழுதினார். யார் என்ன சொன்னார்களோ அதை அப்படியே செய்தாள். இப்படிப் பன்னிரண்டு பெயர்களுக்கு ஆள் கிடைத்தது. இரண்டு வருடப் படிப்புக்கு மேல் இன்னும் ஒரு வருடம் நீட்டிப்பு வாங்கினாள். அதற்குமேல் ஒருவரும் கிடைக்கவில்லை.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து ஒரு பேராசிரியர் வந்திருந்தார். ஆய்வேட்டின் கடைசிப் பட்டியலைப் புரட்டி நிறுத்தினார். பெயர், தொழில், கேட்க வேண்டியவர், அவர் சொன்னது என்று நாலு கட்டம். நாற்பத்தொரு வரி.

"நல்லா செஞ்சிருக்கீங்க. ஆனா இருபத்தேழு வரியில மூணாவது கட்டமும் நாலாவது கட்டமும் காலியா விட்டிருக்கீங்க. இப்படிச் சமர்ப்பிக்கக் கூடாது. ‘தகவல் கிடைக்கவில்லை’ன்னு அடிச்சிருக்கலாமே."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த சிஸ்டர் வாயைத் திறக்கப்போனார், அதற்குள் அவளே பேசினாள்.

"கிடைச்சுது சார். தேடிப் பார்த்துட்டேன். அந்த இருபத்தேழு பேருக்கும் அண்ணன் தம்பி, பிள்ளை, பேரன், ஒண்ணுவிட்ட சொந்தம், யாருமே இல்ல. மொத்தமா முடிச்சுட்டாங்க. நான் செஞ்சது தப்புன்னு ஒத்துக்கிட்டு மூணு வருஷமா நிக்கறேன். யார்கிட்ட மன்னிப்புக் கேக்கறதுன்னு நீங்க சொன்னா, அந்தக் கட்டத்துல அடிச்சுடறேன் சார்."

தேர்வாளர் பேனாவை மூடி மேசைமேல் வைத்தார். ஆய்வேடு அந்தக் கட்டங்கள் காலியாக இருந்தபடியேதான் நூலகத்துக்குப் போனது.